கிளி எப்படிங்க விலங்காகும்?

போன மாதம் எதிர்வீட்டு அக்கா செய்தித்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருடமாக வீட்டில் ஒரு பச்சைக்கிளி வளர்க்கிறார். வேப்பமரப் பொந்திலிருந்து குஞ்சாக விழுந்ததை எடுத்துச் சோறூட்டி வளர்த்தது. செய்தித்தாளில் ஒரு துணுக்கு: பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"ஏனுங் தம்பி, கிளி எப்படி வெலங்காகும்? வெலங்குன்னா நாலு காலு இருக்கோணுமல்ல? அப்புறம் எந்த வனத்துல இருந்து வந்துச்சாம்? இந்தா, இந்த வேப்பமரத்துல இருந்துதானுங்க விழுந்துச்சு."

சட்டம் அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. நம் நாட்டுக் கிளி எதையும் கூண்டில் வைத்து வளர்க்க அனுமதி இல்லை. கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அது வேறு கதை. ஆனால் தமிழ் மொழி அக்கா பக்கம் இருக்கிறது. அவர் கேட்ட இரண்டு கேள்வியும் சரியான கேள்வி. அந்தச் செய்தியை எழுதியவரிடம் போட்டால் முழிப்பார். தப்பு 'வனவிலங்கு' என்ற சொல்லில் இருக்கிறது. ஆயிரம் தடவை கேட்டு, இனிமேல் பொறுக்க முடியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் வைல்ட் லைஃப். 'வைல்ட்' பழைய ஆங்கிலச் சொல். மனிதர் வளர்க்காத, மனிதர் வசப்படாத என்று பொருள். அதற்குள் காடு கிடையாது. 'லைஃப்' உயிர். அதற்குள் விலங்கு கிடையாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இரண்டையும் இன்றைக்கும் தனித்தனிச் சொல்லாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழாக்கியவர்கள் இரண்டு சொல்லையும் தவறவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

விலங்கு என்றால் குறுக்காக இருப்பது. மலை குறுக்கே கிடப்பதால் அதற்கு விலங்கல் என்று ஒரு பெயர். நிமிர்ந்து நடக்காமல் உடம்பு குறுக்காக அமைந்தது விலங்கு. ஆக, நாலு காலு இருக்கோணுமல்ல என்று அக்கா கேட்டது சொற்பிறப்பியலே. தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது மா வேறு, மரம் வேறு, புள் வேறு என்று பிரித்துத்தான் சொல்கிறது. பறவையை விலங்குக்குள் திணிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் உயிர் என்றால் எல்லாம் அடங்கும். அதே தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று தொடங்கி, சிதல், எறும்பு, நண்டு, தும்பி என்று ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏணியில் ஒரு படியில்தான் மா நிற்கிறது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். அதில் வைல்ட் லைஃப் என்பதற்கு எந்த வாழிடத்திலும் உள்ள விலங்கும், நிலத்திலோ நீரிலோ வளரும் செடிகொடியும் அடக்கம். பறவை, பாம்பு, தவளை, மீன், முதுகெலும்பில்லாதவை, அவற்றின் முட்டை வரைக்கும் வருகிறது. நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற செடி, செய்தித்தாள் கணக்கில் வனவிலங்கு! கடல் அட்டை 2001-லிருந்து முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குப் பக்கத்தில். அதனால்தான் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அடிக்கடி அந்தச் செய்தி வரும்: பதப்படுத்திய கடல் அட்டை மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு. கடலுக்கு அடியில் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கிற, காலும் தலையும் இல்லாத ஒன்று. வனமும் இல்லை, விலங்கும் இல்லை. படிக்கிறவர் சட்டம்தான் கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று நினைப்பார். பிடிபடுகிறவரும் அப்படித்தான் நினைப்பார்.

பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்களே, 2022-இல், அங்கேயும் இதே வனவிலங்குக் கூத்து. (கடற்பசு என்பது நாம் எழுதுகிற பெயர். மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்புகிறேன்.)

சரி, மாற்றுச் சொல் என்ன? வனத்துறைப் பலகைகளில் 'வன உயிரினம்' என்று இருக்கிறது. விலங்கை விட்டது நல்லது. ஆனால் இனம் எதற்கு? இனம் என்றால் வகை. ஒரு யானை ரயிலில் அடிபட்டால் "ஓர் உயிரினம் பலி" என்று எழுதுகிறார்கள். செத்தது ஒரு யானை, யானை இனம் இல்லை. இனமே அழிவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிறகு எந்தச் சொல்லை எடுப்பீர்கள்? இலங்கையில் வனசீவராசிகள் என்று அரசாங்கமே எழுதுகிறது. சொல் வடமொழி என்று தனித்தமிழ்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பொருளில் அது நம் வனவிலங்கைவிட நேர்மையானது. சீவராசி என்றால் புழு பூச்சி வரைக்கும் வருகிறது. எனக்கு வடமொழிமீது பகை இல்லை. தப்பான தமிழைவிடச் சரியான வடமொழி மேல் என்கிற கட்சி நான்.

இனி கானுயிர். இதுதான் எனக்குப் பெரிய தலைவலி, ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், என் நண்பர்கள், கேமராவோடு முதுமலையில் பழியாய்க் கிடக்கிறவர்கள். கான் என்றால் காடு, சங்கத்தமிழ், கேட்க அழகாக இருக்கிறது என்கிறார்கள். வள்ளுவரே 'கான முயலெய்த அம்பினில்' என்று சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சொல்லியிருக்கிறார், யார் இல்லை என்றது? ஆனால் வள்ளுவர் காலத்தில் அது புழங்கிய சொல். இன்றைக்குக் கான் என்று தனியாகச் சொன்னால் இந்தி நடிகர்தான் ஞாபகத்துக்கு வருவார். கானல் என்றால் கானல்நீர் ஞாபகம் வரும், படித்தவருக்குக் கடற்கரைச் சோலையும் ஞாபகம் வரும். எழுதும்போது பாதிப்பேர் 'காணுயிர்' என்று மூன்றுசுழி போட்டுவிடுகிறார்கள், கண்காட்சி அழைப்பிதழிலேயே பார்த்திருக்கிறேன். காணும் உயிர் என்று நினைத்துக்கொண்டார்கள் போல; படம் எடுக்கிறவர்கள்தானே, அதுவும் பொருந்தத்தான் செய்கிறது!

இதைவிடப் பெரிய குறை ஒன்று. கான் காட்டை மட்டும்தான் குறிக்கும், வனம் மாதிரியே. அதாவது 'வைல்ட்' என்றால் காடு என்ற பழைய பிழையைக் கானுயிரும் அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் பட்டு உடுத்திக்கொண்டு. கானமயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூதுரையில் வருகிற கானமயில் காட்டு மயில். நான் சொல்வது அந்தப் பெயரில் இன்று அழைக்கப்படுகிற பெரிய பறவை. மிஞ்சி இருப்பது சுமார் 150. தமிழ்நாட்டில் இப்போது இல்லை. இராஜஸ்தான் ஜெய்சல்மேர் பக்கத்துப் புல்வெளிகளில் மின்கம்பியில் மோதிச் செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மரக்காடு ஆகாது, திறந்த புல்வெளிதான் வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தைக் 'காடு இல்லை, வெறும் தரிசு' என்று ஏட்டில் எழுதி வேறு காரியங்களுக்குக் கொடுத்ததும் அதன் அழிவுக்கு ஒரு காரணம். வனத்தையும் கானையும் பிடித்துத் தொங்கினால் இந்தப் பறவைக்கு வார்த்தையில்கூட இடம் கிடைக்காது.

நான் சொல்கிற மாற்றுச் சொல் காட்டுயிர். "அப்படியானால் காட்டுயிர் மட்டும் என்ன, அதிலும் காடு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

காடு என்பது வனத்தைவிடப் பெரிய சொல். எங்கள் ஊர்ப்பக்கம், ஈரோட்டுக்கு மேற்கே, காலையில் "காட்டுக்குப் போறேன்" என்று ஒருவர் கிளம்பினால் புலி பார்க்கப் போகவில்லை, சோளத்துக்குக் களை எடுக்கப் போகிறார். சோளக்காடு, முள்ளுக்காடு, மேய்ச்சல் காடு, வெள்ளக்காடு எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியம், 'காட்டு' என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் என்ன ஆகிறது என்பது. காட்டுப்பூனை கரும்புக்கொல்லையில் இருக்கும். காட்டாமணக்கு ஏரிக்கரையில் மண்டும். காட்டுக்கத்தல் கத்துகிறவர் காட்டிலா நின்று கத்துகிறார்? காட்டுமிராண்டி என்று நாம் திட்டுகிற ஆள் பெரும்பாலும் காருக்குள் உட்கார்ந்திருப்பார். காட்டு என்றால் யாரும் வளர்க்காத, கட்டுக்கு அடங்காத, தன்போக்கில் இருக்கிற. 'வைல்ட்' என்பதற்கு அச்சு அசலான தமிழ் இது, நாம் தினமும் பேசுகிற தமிழ். வனப்பூனை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? வனக்கோழி?

காடு + உயிர் = காட்டுயிர். டகரம் இரட்டித்துச் சேர்கிறது, எந்த வில்லங்கமும் இல்லாத புணர்ச்சி. சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பல வருடமாக இப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்கள் கட்டுரைகளைப் படித்த யாரும் பொருள் புரியாமல் தவித்ததாகத் தெரியவில்லை. நாளிதழ்களுக்கு மட்டும் ஏன் கை வரவில்லையோ.

கடல் அட்டையைக் காட்டுயிர் என்றால் இராமநாதபுரத்துப் பக்கம் மண்டபம் ஊர் மீனவர் சிரிக்க மாட்டாரா? சிரிப்பார். எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. கடலுக்கு மட்டும் பேசும்போது கடலுயிர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சட்டத்தின் பெயரில் காட்டுயிர் என்றே இருக்கட்டும். வனவிலங்கில் இரண்டு பொய், இதில் அரைப் பொய்.

பாதுகாப்பு என்ற பின்பாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேட்டையைத் தடுப்பதும் பாதுகாப்பு, வாழிடத்தை மீட்டு இனத்தைப் பெருக்குவதும் பாதுகாப்பு, அமைச்சர் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்பதும் பாதுகாப்பு. முதலாவதுக்கு அது சரி, சட்டம் செய்வது அதுதான். இரண்டாவதுக்குப் பேணல் என்று நல்ல சொல் சும்மா கிடக்கிறது. 'பல்லுயிர் ஓம்புதல்' என்று வள்ளுவர் சொன்னதிலிருந்து பல்லுயிரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓம்புதலை அங்கேயே விட்டுவிட்டோம்.

சொல் ஒன்றில் சறுக்கினால் எல்லாவற்றிலும் சறுக்கும். 'அரிய வகை ஆந்தை மீட்பு' என்று வாரம் ஒரு செய்தி வருகிறது, படத்தைப் பார்த்தால் கூகை. உலகத்தில் பரவலாக இருக்கிற ஆந்தைகளில் அது ஒன்று. 'பகல்வெல்லும் கூகையை' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெள்ளை முகத்தைப் பார்த்ததும் நிருபருக்கு அரிதாகிவிடுகிறது. அதே பக்கத்தில் உண்மையிலேயே அருகிவிட்ட தேவாங்கையும் 'அரிய வகை' என்றுதான் போடுவார்கள். அரியது என்றால் எப்போதுமே குறைவாக இருப்பது. அருகியது என்றால் நிறைய இருந்து குறைந்துபோனது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காட்டுயிர்ப் பேணல் என்கிற வேலையே இருக்கிறது. தொலைக்காட்சியில் தமிழ்க்குரல் கொடுக்கிறவர்கள் 'வனவிலங்கு வாழ்க்கை' என்று ஒன்று சொல்கிறார்கள், அதைக் கேட்டால் எழுந்துபோய் நிறுத்திவிடுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா கடைசியில் கிளியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். துணைக்கு நானும் போனேன். கூண்டைக் கொடுக்கும்போது அழுதார், கிளி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வாங்கிக்கொண்டவர் கையால் எழுதி ஒரு ரசீது கொடுத்தார். வரும் வழியில் பேருந்தில் அக்கா அதைப் பிரித்துப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். 'வனவிலங்கு (கிளி) – 1' என்று இருந்தது.