மொட்டைச் சுவரில் ஆணி அடிக்கும் முன்

கொல்லைப்புறத்தில் ஆசை ஆசையாக ஒரு மரத் தளம் (டெக்) போட்டிருப்பார்கள். நாற்காலி, மேசை, குடை எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே கராஜின் பக்கச்சுவர். ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது, ஆறேழு மீட்டருக்கு வெறிச்சென்று நிற்கும். வீடுகளின் வெளிப்புறத்தை வடிவமைத்துத் தருவது என் தொழில். "இந்த மொட்டைச் சுவரை என்ன பண்ணலாம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. கேட்கும்போதே போனில் ஏகப்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள்: செங்குத்துத் தோட்டம், பெரிய கண்ணாடி, சுவரோவியம், வரிசையாகத் தொங்கும் தொட்டிகள்.

நான் பெரும்பாலும் சொல்வது இதுதான்: சுவரில் மாட்டாதீர்கள், சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். வெளிச்சுவர் முதலில் மழையைத் தடுக்க வேண்டும், அழகெல்லாம் அதற்குப் பிறகு. நாம் போடும் ஒவ்வொரு துளையும், இடைவெளியில்லாமல் ஒட்டி வைக்கும் ஒவ்வொரு பலகையும் அந்த வேலையைக் கெடுக்கும்.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மரப்பலகை அடித்த கராஜ் சுவர். அதில் கொடி ஏற்றுவதற்காகக் கட்டம் கட்டமான ஒரு தட்டியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். முன்பக்கம் பச்சைப்பசேல் என்று இருந்தது. தட்டியைக் கழற்றினோம். அதன் கட்டங்கள் அத்தனையும் சுவரில் கறுப்புக் கோடுகளாகப் பதிந்திருந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூ துளையைச் சுற்றியும் கறுத்த வளையம். அந்த வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தியதும், நனைந்த ரொட்டிக்குள் போவதுபோல மரத்துக்குள் இறங்கியது. தட்டிக்கும் பலகைக்கும் நடுவே புகுந்த மழைத்தண்ணீர், காற்று படாமல், காயவே வழியில்லாமல் கிடந்திருக்கிறது. அதே தட்டியை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தால் பலகையை மாற்றும் செலவே வந்திருக்காது.

எனவே படங்களை மூடிவைத்துவிட்டு, முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். இதில் கராஜுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுக்குள் இருப்பதுபோல அங்கே உட்சுவரைப் பூசி மறைத்திருக்க மாட்டார்கள். உள்ளே போய் நின்றால் சட்டங்கள் எங்கே நிற்கின்றன, மின்கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, குழாய் இருக்கிறதா என்று பல கராஜ்களில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மரச்சட்டக் கட்டடங்களில் சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும். எடையுள்ள எதையாவது மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்க்ரூ அந்தச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும். வெளிப்பலகையை மட்டும் நம்பி மாட்டினால் காற்று மழையில் பிய்த்துக்கொண்டு வரும்.

பழைய கராஜ் என்றால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய கராஜ்களில் கூரைக்கும் சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷீட்டை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஷீட் உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. டிரில் போட்டாலோ உரசினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். சந்தேகமாக இருந்தால் ஆய்வகத்தில் பரிசோதிக்காமல் அந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. இன்னொன்று பழைய பெயிண்டில் இருக்கும் ஈயம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு ஈயப் பெயிண்டைத் தடை செய்தது 1978இல்தான். பல அடுக்காகப் பெயிண்ட் ஏறியிருக்கும் பழைய சுவரை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால், தூசு நேராக நீங்கள் சாப்பிட உட்காரும் இடத்தில் படியும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். செங்கல், பிளாக் சுவர்களில் எனக்கு அதிக வேலை வைப்பது இதுதான். அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால், சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். அரை மீட்டர் சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. காரணம் சாதாரணமாகவே இருக்கும்: மழைநீர்த் தாரை நிரம்பி வழியும், அல்லது டெக் போட்டபோது அள்ளிய மண்ணைச் சுவரோரம் குவித்திருப்பார்கள். தரை ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் ஓதத்தடுப்புப் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள்; வெளியே மண்மட்டம் அதற்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். பட்டைக்குக் கீழே அந்த இடம் திறந்து தெரிந்தால்தான் கரையான் ஏறுகிறதா என்பதும் கண்ணில் படும்.

ஓதத்தைச் சரிசெய்யாமல் மேலே கெட்டியான பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த வருடமே உரியும். சுண்ணாம்புப் பூச்சும் சிலிகேட் பெயிண்டும் ஆவியை வெளியே விடும். சிலிகேட் பெயிண்ட் ஒன்றும் நேற்று வந்த சரக்கு இல்லை. ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது பூச்சோடு வேதிவினை புரிந்து ஒன்றாகிவிடும் என்பதால் தோல்போல உரிந்து வராது. சுவரோவியம் வரைய ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் மரத்துக்கோ, ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவருக்கோ சாதாரண சிலிகேட் ஒத்துவராது. சிமென்ட் பூச்சு புதிதாக இருந்தால் 28 நாளாவது ஆறவிட்ட பிறகே எந்தப் பெயிண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். நின்று பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். டெக்கில் இருக்கும் நேரம் முழுக்க நாம் உட்கார்ந்தேதான் இருக்கிறோம், அப்போது கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். அந்த உயரத்திலிருந்து, நீங்கள் வழக்கமாக வெளியே வரும் நேரத்தில் பாருங்கள். சுவர் வெறுமையாக இருப்பதுதான் தொந்தரவா, அல்லது மாலை வெயிலில் அது கண்ணைக் கூசவைக்கிறதா, பகல் முழுக்கக் குடித்த வெப்பத்தை உங்கள் முகத்தில் கக்குகிறதா? பாதிப் பேருக்கு உண்மையான தொல்லை இந்தக் கூச்சமும் சூடும்தான். சட்டம் போட்ட படங்களை மாட்டினால் இரண்டும் தீராது.

வெறுமை தன்னளவில் குற்றமே இல்லை. மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் 1948இல் மெக்சிகோ நகரில் தனக்காகக் கட்டிய வீட்டின் மொட்டைமாடியைச் சுற்றி உயரமான சுவர்கள்தான். அவற்றில் எதையும் மாட்டவில்லை. நிறமும் வானமும் சுவரில் நகரும் நிழலும் மட்டுமே. 1980இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அந்த வீடு 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உங்கள் கராஜ் சுவருக்கும் அழுத்தமான ஒற்றை நிறம் பாதி வேலையைச் செய்துவிடும். அடர்ந்த சாம்பல், காவி, கரும்பச்சை போன்ற நிறங்களில் கூச்சம் அடங்கும், முன்னால் வைக்கும் செடி எடுப்பாகத் தெரியும். வெள்ளைச் சுவரின் முன் அதே செடி சோர்ந்து தெரியும். ஒரே எச்சரிக்கை: வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை அடித்த சுவரில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைவிடக் கருமையாக அடிக்காதீர்கள். வெயிலில் சூடேறி வளைந்துவிடும்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதைவிடச் சிக்கனமான அலங்காரம் எனக்குத் தெரியாது. சுவரிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி, இலை அடர்த்தியில்லாத ஒரு சிறு மரம். மாலை வெயில் அந்தச் சுவரில் விழுமானால், கிளை நிழல் முழுச் சுவரையும் எடுத்துக்கொள்ளும், காற்றடிக்கும்போது ஆடும். வெயிலே படாத சுவராக இருந்தால் செடிக்கு முன்னால் தரையோரம் ஒரு சின்ன ஸ்பாட் விளக்கை வையுங்கள். விளக்கு செடிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ நிழல் அவ்வளவு பெரிதாகும். சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

தொட்டி வைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். வீட்டு டெக்குகளுக்கு அமெரிக்கக் குடியிருப்பு விதிகள் எடுத்துக்கொள்ளும் பளு சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ. இப்போது 120 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த தோட்ட மண்ணை நிரப்பினால் 300 கிலோ. அது அரைச் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கணக்கைப்போல மூன்று மடங்கு. ஒரு தொட்டி இருந்தால் டெக் தாங்கிக்கொள்ளலாம். சுவரோரம் வரிசையாக நான்கு வைத்தால் அடியில் இருக்கும் உத்திரம் தொய்ய ஆரம்பிக்கும். தேங்காய்நார்த் தூளும் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகளும் கலந்த இலேசான கலவை பாரத்தை வெகுவாகக் குறைக்கும். புதிதாக டெக் போடுபவராக இருந்தால், தளத்தைச் சுவர்வரை இழுக்காமல் 60 சென்டிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். செடி நேராக மண்ணிலேயே நிற்கும், பாரம் என்ற பேச்சே இல்லை, பெயிண்ட் அடிக்க ஆள் நிற்கவும் இடம் கிடைக்கும்.

அந்த இடத்தில் கொடி வைக்கலாம். ஆனால் கொடியின் குணம் தெரிந்து வைக்க வேண்டும். ஐவி சுவரிலேயே வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். அது சுவரைத் தின்றுவிடும் என்ற பயம் மிகையானது. இங்கிலாந்தின் பழங்கட்டடங்களைப் பேணும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்காக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், விரிசலில்லாத கல், செங்கல் சுவர்களை ஐவி வெப்ப ஏற்றத்தாழ்விலிருந்து காக்கவே செய்கிறது என்று தெரிந்தது. விரிசல் இருந்தால் கதை வேறு, அதற்குள் புகுந்து பெருக்கும். பலகைச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் நுழைந்து பலகையையே நெம்பும். ஆகவே கராஜுக்கு நான் ஐவியைச் சொல்வதில்லை. முல்லைபோலச் சுற்றி ஏறும் கொடிக்கு மெல்லிய கம்பி போதும். காகிதப்பூ தானாக ஏறாது, கட்டிவிட வேண்டும். விஸ்டீரியா பூத்தால் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வயதானால் மழைநீர்க் குழாயைச் சுற்றி நெரித்துவிடும். எதுவானாலும் சுவரை ஒட்டி நடாதீர்கள். கூரை மறைப்பதால் அங்கே மழை விழாது, மண் வறண்டே கிடக்கும். 40 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி நட்டுத் தண்டைச் சாய்த்துக் கம்பிக்குக் கொண்டுவாருங்கள்.

பழமரத்தைத் தட்டையாக, கிளைகளைக் கம்பியோடு படுக்கவைத்துக் கட்டி வளர்க்கும் முறையும் உண்டு. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்காகத் தோட்டக் கலைஞர் லா கேன்டினி 1678 முதல் 1683வரை வெர்சாயில் அமைத்த காய்கனித் தோட்டத்தில் இப்படி வளர்த்த மரங்களை இன்றும் பார்க்கலாம். பகலில் சுவர் வாங்கும் சூடு இரவில் மரத்துக்குக் கிடைக்கும், குளிர்ப் பகுதிகளில் காய் பழுக்க அது உதவும். ஆறேழு வருடம் பொறுமையாகக் கத்தரிக்கத் தயார் என்றால் இதற்கு ஈடு இல்லை.

பொறுமை இல்லாதவர்கள் செங்குத்துத் தோட்டத்தைக் கேட்பார்கள். பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவரில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பத்ரீக் பிளாங் செய்ததைப் பார்த்துவிட்டு வரும் ஆசை அது. அங்கே தண்ணீரும் உரமும் தானாகவே குழாயில் வருகின்றன, பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மோட்டார் கோடையில் இரண்டு நாள் நின்றால் சுவர் முழுக்கச் சருகு. போதாததற்கு, மழையிலிருந்து காக்க வேண்டிய சுவரின் மேல் நாமே நாள்தோறும் தண்ணீர் விடுகிறோம்.

கண்ணாடி வேண்டாம். பறவைகள் மோதும். வெயில் பட்டுத் திரும்பும் ஒளி எதிரே இருக்கும் வினைல் பலகையை உருக்கவும் செய்யும். வினைல் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். கிரில் அடுப்பைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கில் ஒரு நுணுக்கம். சுவரை உரசினாற்போல ஒளி பாய்ந்தால் கல்லும் செங்கல்லும் அழகாக எழும்பித் தெரியும். பூசிய சுவரில் அதே ஒளி கொத்தனாரின் கரணைத் தடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும், அங்கே விளக்கைத் தள்ளி வைப்பதே நல்லது. 2700 கெல்வின் இளமஞ்சள் போதும். மழை படும் இடத்தில் தூசும் தண்ணீரும் புகாத ஐபி65 தர விளக்கு, 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச், இணைப்புக் கொடுக்க எலக்ட்ரீஷியன். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சிலருக்கு எதிரே இருக்கும் கராஜ் பக்கத்து வீட்டாருடையதாக இருக்கும். அப்போது அந்தச் சுவரில் பெயிண்ட் தொடங்கி ஆணிவரை எதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் நான் உங்கள் இடத்துக்குள் தனித்தூண் நட்டு, இடைவெளி விட்ட சட்டங்களால் தட்டி நிறுத்தவே சொல்வேன். அடைப்பாகப் பலகை அடித்தால் காற்று மொத்தமாகத் தள்ளும், தூணுக்கு ஆழமான அஸ்திவாரம் தேவைப்படும். தட்டியை நடுவில் ஒரு பாகம் கீல் வைத்துத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். கொடியை அந்தப் பாகத்தில் மட்டும் ஏற்றாமல் விட்டால், அவர்கள் தங்கள் சுவரைப் பழுதுபார்க்க வரும் நாளில் யாரும் எதையும் வெட்ட வேண்டியிருக்காது.