உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

இந்த ஆண்டில் இது நான்காவது வாள். பழைய பிரித்தானியப் படைவாள்களைப் பேணுவது என் தொழில். சென்ற வாரம் ஒரு குடும்பத்தார், தலைமுறைகளாகப் பரணில் கிடந்த காலாட்படை அதிகாரியின் வாளைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்து, “உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நாங்களே தேய்த்துவிட்டோம்” என்று பெருமையோடு மேசையில் வைத்தார்கள். அலகு எவர்சில்வர் கரண்டியைப் போல மின்னியது. படிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை.

பளபளப்புதான் மதிப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அக்கால அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். ஆகவே செய்தவரின் பெயர், சில வாள்களில் உடையவரின் பெயரெழுத்துகள் அல்லது குலச்சின்னம் என எல்லாம் அலகின் மேல் அமிலத்தால் மெல்லிதாக அரித்து எழுதப்பட்டன. அந்த எழுத்தின் ஆழம் தாளின் தடிமன்கூட இராது. துருவை நீக்கும் உப்புத்தாள் எழுத்தையும் சேர்த்தே நீக்கும். துரு மறுபடியும் வரும், எழுத்து வராது. வில்கின்சன் நிறுவனம் 1854 முதல் தன் வாள்களின் முதுகில், அதாவது அலகின் கூரற்ற விளிம்பில், கைப்பிடியை ஒட்டி, வரிசை எண்ணைப் பொறித்தது. அதன் பதிவேடுகளில் அந்த எண்ணைத் தேடினால் விற்ற காலமும், பல வேளைகளில் வாங்கியவர் பெயரும் கிடைக்கும். இவர்கள் வாளில் அந்த இடம் வழவழவென்றிருந்தது.

வாட்டர்லூவில் ஏந்திய வாள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. அந்தப் போர் நடந்தது 1815இல். பிடிக்கும் கையைக் காக்கும், கோதிக் வேலைப்பாடு கொண்ட இந்தப் பித்தளைக் கைக்காப்பு 1822இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள ‘வி.ஆர்.’ என்ற முத்திரையெழுத்து விக்டோரியா அரசியுடையது, அதாவது 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. கைக்காப்பைத் தேய்த்தாலும் இவ்வளவாவது தப்பியதே! அலகின் அடியில், ஆறுமுனை விண்மீனுக்குள் பதித்த சிறு பித்தளை வில்லையைக் கண்டு யூதர் வாளா, ஃபிரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தாரின் வாளா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். அது அலகு சோதிக்கப்பட்டதற்கான குறி, அவ்வளவே.

வாளை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பால் விரல்ரேகை வடிவிலேயே துருப்பிடிக்கும். உறையில் இறுகியிருந்தால் இழுக்காதீர்கள். கைப்பிடியின் திருக்கைத் தோலில் எண்ணெய் தடவாதீர்கள். தோலுறைக்குள் வாளைச் செருகியே வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். முதலில் கைக்காப்பு, அலகின் இருபுறம், முதுகு, உறையின் வாய் ஆகியவற்றைப் படமெடுத்து, இருக்கிற நிலையிலேயே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களானால், எந்த இடத்தை எதைக்கொண்டு தேய்த்தீர்கள் என்பதைத் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கையில் எஞ்சிய ஓரிரு கோடுகள் சில சமயம் தென்படுவதுண்டு.