பெல்ட்டைக் கழற்றுவது நாங்கள்தான், நீங்கள் இல்லை

இடுப்பு மூட்டு விலகியிருந்ததால், தொடையை மடக்கி விரித்து வைக்கும் பட்டைகளான பாவ்லிக் பெல்ட் போட்டு அனுப்பிய குழந்தை மறு ஸ்கேனுக்கு வருகிறது. பெல்ட் குழந்தையின் உடம்பில் இல்லை, அம்மாவின் கட்டைப்பையில் இருக்கிறது. இந்த மாதமும் அப்படி ஒன்று. "பேர் வைக்கிற அன்னிக்கு மட்டும் கழட்டினோம் டாக்டர். அப்புறம் அத்தை போட விடலை. கால் இப்படியே அகண்டு போயிடுமாம்."

அகண்டு போகாது. எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பயம் மட்டும் போவதில்லை, அதனால் எழுதியே வைக்கிறேன். பிறந்த குழந்தையின் இடுப்புக் கிண்ணத்தில் பெரும்பகுதி குருத்தெலும்புதான். தொடை எலும்பின் பந்து உள்ளே உட்கார்ந்திருந்தால் கிண்ணம் அதற்கேற்ப ஆழமாக வளரும். விலகிக் கிடந்தால் தட்டையாகவே நின்றுவிடும். தொடை மடங்கி, சற்று விரிந்திருக்கும்போதுதான் பந்து உள்ளே நிற்கும். பெல்ட் செய்வது அவ்வளவுதான். சிகிச்சை முடிந்து கழற்றியதும் கொஞ்ச நாள் கால் விரிந்தபடி கிடக்கும், பிறகு தானாக நேராகும். பெல்ட்டைப் பாதியில் விட்ட குழந்தைதான் நடக்கும்போது சாய்ந்து சாய்ந்து நடக்கும். அத்தை பயந்தது எதற்கோ அதுவேதான் நடக்கிறது! அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள், திரையில் காட்டிவிடுகிறேன்.

"பாவம், கட்டிப் போட்டிருக்கே" என்பது அடுத்த புலம்பல். ஆடாமல் அசையாமல் கட்டிவைத்த பழைய சிகிச்சைகளில் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டது. அதைப் பார்த்துத்தான் 1940களில் செக் மருத்துவர் ஆர்னால்ட் பாவ்லிக் இந்தப் பட்டைகளை வடிவமைத்தார். இதற்குள் குழந்தை உதைக்கலாம், உதைக்கவும் வேண்டும். ஒரு கால் உதைப்பதை நிறுத்திவிட்டால் மறு தேதிவரை காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள். தொடை நரம்பு அழுந்தியிருக்கலாம்.

பட்டைகளில் மார்க்கர் கோடு போட்டுத் தருகிறோம். அதை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம். நெஞ்சுப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். டயப்பர் பட்டைக்கு அடியில் போகும். நாங்கள் சொல்லும்வரை குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்; தொடை இடுக்கையும் முழங்கால் மடிப்பையும் தினமும் பாருங்கள். தூளியில் தொடைகள் ஒன்றுசேர்ந்துவிடும், மல்லாக்கப் படுக்கவையுங்கள். எண்ணெய் தேய்த்துக் கால் இரண்டையும் சேர்த்து இழுத்து நீவிவிடுகிறார்களே, அது பெல்ட் போடாத குழந்தைக்குக்கூட வேண்டாம். கால் நீட்டித் துணி சுற்றுவதும் அப்படியே.

பொதுவாக 6 முதல் 12 வாரம், ஆரம்பத்தில் நாள் முழுக்க. முழுதாக விலகிய பந்து 3, 4 வாரத்தில் உள்ளே வரவில்லை என்றால் நாங்களே நிறுத்திவிடுவோம், மேலும் போட்டால் கெடுதல். அதற்குத்தான் ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். 6 மாதம் தாண்டிய குழந்தை பெல்ட்டுக்கு அடங்காது. மயக்க மருந்து, மாவுக்கட்டு, சிலருக்கு அறுவை சிகிச்சை.

இன்னொன்று. வயிற்றில் கடைசி மாதங்களில் தலை மேலே இருந்த குழந்தைக்கு இந்த ஆபத்து அதிகம். சிசேரியனில் எடுத்தாலும் அது முழுதாகப் போய்விடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிரீச்' என்று இருந்தாலோ, பெற்றோருக்கோ மூத்த குழந்தைக்கோ இந்தப் பிரச்சினை இருந்திருந்தாலோ, 6 வாரத்தில் இடுப்பு அல்ட்ராசவுண்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த வயதில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வராதீர்கள், பந்து இன்னும் குருத்தெலும்பு, படத்தில் தெரியாது.