அடிக்கும் எழுத்து எந்த விண்டோவில் விழுகிறது?

டேட்டாபேஸ் நிர்வாகம் என் வேலை. புதிதாகச் சேர்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைக் கவனிப்பதும் அதில் அடக்கம். போன் பேசிவிட்டு ஸ்கிரீனுக்குத் திரும்பியதும் பலருக்குக் கை தானாக மேல் அம்பையும் கீழ் அம்பையும் தட்டும். எது அசைகிறதோ அதுதான் கர்சர், அதாவது அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு. சிலர் ஏதாவது ஒரு எழுத்தை அடித்துப் பார்த்துவிட்டு அழிப்பார்கள். அழிக்க விட்டுப்போன எழுத்து, புரோகிராமின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிகரேஷன் ஃபைலில் அப்படியே சேவ் ஆகிவிட்டால், மறுநாள் சர்வீஸ் ஏன் எழவில்லை என்று எல்லோரும் தேட வேண்டியதுதான்.

கட்டளைகளை அடித்து ஓட்டும் விண்டோவான டெர்மினலில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. அங்கே மேல் அம்பு கடைசியாக ஓடிய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும். ஃபைலைத் திருத்தும் எடிட்டரில் இருக்கிறோம் என்று நினைத்து என்டரையும் தட்டினால் அது மறுபடி ஓடிவிடும். அது ஒரு டெலீட் கட்டளையாகவும் இருக்கலாம்.

இதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 3840 பிக்சல் அகலமுள்ள மானிட்டரில் நான்கு விண்டோக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய கோட்டைக் கண் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே தவறான எதிர்பார்ப்பு. பெரிய பரப்பில் வரும் மாற்றம் ஓரக்கண்ணுக்கே தெரியும். அதனால் கர்சரைத் தடிமனாக்குவதற்கு முன்னால், வேலை நடக்காத விண்டோக்களை மங்கலாக்குங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

விஎஸ் கோடு எடிட்டரின் செட்டிங்ஸில் ‘டிம் அன்ஃபோகஸ்டு’ என்று தேடி ஆன் செய்தால் போதும், மற்ற எடிட்டர்களும் டெர்மினலும் மங்கிவிடும். எவ்வளவு மங்க வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸ் பயன்படுத்துபவர்கள் பார்டர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பேன் (பிரித்த பகுதி) மட்டும் இருக்கும்போது நடுக்கோட்டில் பாதிக்குத்தான் நிறம் வரும், அது எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று குழம்பும். ‘விண்டோ ஸ்டைல்’, ‘விண்டோ ஆக்டிவ் ஸ்டைல்’ இரண்டுக்கும் வேறு வேறு பின்னணி நிறம் கொடுங்கள்.

விம் எடிட்டரில், கர்சர் இருக்கும் வரியை ஒளிரவைக்கும் ‘கர்சர்லைன்’ போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைப் பிரித்துவைத்த எல்லா விண்டோவுக்கும் சேர்த்துப் போட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு வரி ஒளிரும், பழைய குழப்பமே திரும்ப வரும். விண்டோவுக்குள் நுழையும்போது ஆன், வெளியேறும்போது ஆஃப் ஆகும்படி ஆட்டோ கமாண்ட் (தானாக ஓடும் கட்டளை) எழுதுங்கள், இரண்டே வரிதான். ஈமேக்ஸ் எடிட்டர் மற்ற விண்டோக்களில் கர்சரை வெற்றுக் கட்டமாகக் காட்டும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் கர்சர் பத்து முறை சிமிட்டியதும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. தொடர்ந்து சிமிட்ட வேண்டுமென்றால் அந்த எண்ணிக்கையைப் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும். சிமிட்டுவதே தொல்லை என்பவர்களுக்கு அசையாத பெரிய கட்டம் நல்லது.

அப்புறம் நிறம். கருப்புத் தீமில் சாம்பல் கர்சர் பார்க்க அழகாக இருக்கும், தேடினால் கிடைக்காது. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 வலைத்தள அணுகல் விதிகள், பட்டன் போன்ற உறுப்புகளுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. எடிட்டருக்கும் அந்த அளவைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது ஆரஞ்சு அல்லது மஞ்சள்.

விண்டோஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் ‘டெக்ஸ்ட் கர்சர்’ இருக்கிறது. கர்சரின் மேலும் கீழும் வண்ணக் குமிழ் வைக்கலாம், தடிமனையும் கூட்டலாம். தன் கர்சரைத் தானே வரையும் எடிட்டர்களில் இது தெரியாமல் போகலாம், அங்கே எடிட்டரின் செட்டிங்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்து முடித்தபின் ஒரு சோதனை. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். எந்த விண்டோ என்று யோசிக்க வேண்டியிருந்தால் இன்னும் மங்கலாக்குங்கள். உண்மையான டேட்டா இருக்கும் சர்வருக்கு மட்டும் சிவப்புப் பின்னணியை ஒதுக்கி வையுங்கள், வேறு எதற்கும் அந்த நிறம் வேண்டாம்.