மேய்ச்சல் கருகினால் அமெரிக்கா தரும் அவசர நிவாரணம்: பணம் யாருக்கு வருகிறது?

2023, 2024 ஆண்டுகளின் வறட்சியிலும் காட்டுத்தீயிலும் மேய்ச்சலை இழந்த அமெரிக்கக் கால்நடைப் பண்ணையாளர்கள் பலருக்கு 2025-இல் மத்திய வேளாண்மைத் துறை பணம் அனுப்பியது. அதற்கென்று அவர்கள் தனி விண்ணப்பம் போடவில்லை. ஈ.எல்.ஆர்.பி. எனப்படும் அவசரக் கால்நடை நிவாரணத் திட்டம் அது. 2024 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் கால்நடை வளர்ப்போருக்கு 200 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 100 கோடி வறட்சிக்கும் தீக்குமாக முதலில் விடுவிக்கப்பட்டது.

விண்ணப்பம் இல்லாமல் பணம் எப்படி வந்தது? எல்.எப்.பி. என்ற மேய்ச்சல் இழப்புத் திட்டம் ஏற்கெனவே நிரந்தரமாக நடைமுறையில் இருக்கிறது. அதில் அந்த ஆண்டுகளுக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றவர்களின் கணக்கை எடுத்துத்தான் அவசரத் தொகையையும் கணக்கிட்டார்கள். ஆகவே 'பத்து மாடுதானே, எதற்கு அலைச்சல்' என்று எல்.எப்.பி. பக்கமே போகாத சிறு பண்ணையாளருக்கு இரண்டுமே கிடைக்காது. இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

எல்.எப்.பி.யில் வறட்சியைத் தீர்மானிப்பது வியாழன்தோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடம். கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஏதாவது ஒரு பகுதி, மேய்ச்சல் பருவத்தில், டி2 எனும் கடும் வறட்சியில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால் ஒரு மாதத் தொகை என்பது முன்பிருந்த விதி. 2025-இல் வந்த சட்டம் இதை 4 வாரமாகக் குறைத்தது. அதைவிடக் கடுமையான டி3 நிலையை எப்போது தொட்டாலும் 3 மாதத் தொகை. உச்சமான டி4 நிலைக்குப் போனால் 4, அதிலேயே 4 வாரம் நீடித்தால் 5. மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் என்பது அடிப்படை. வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் மாடுகள் உங்கள் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். தீவனக் கொட்டிலில் கொழுக்க வைக்கும் மாடுகள் இதில் சேராது.

அவசரத் தொகை இதைவிடச் சிறியது. 2021 இழப்புகளுக்கு எல்.எப்.பி. கணக்கில் 75 சதவீதம் கொடுத்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு 90. 2023, 2024-க்கு அந்த விகிதம் 35 ஆகிவிட்டது.

தீயில் ஒரு சிக்கல் உண்டு. மத்திய அரசின் பராமரிப்பில் உள்ள நிலத்தில் தீயின் காரணமாக மேய்ச்சலுக்குத் தடை விதித்தால் மட்டுமே எல்.எப்.பி. பணம் தரும். 2024 பிப்ரவரியில் டெக்சாசின் வட கோடியில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே பெரும்பாலும் தனியார் நிலம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வெள்ளத்தையும் மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் நேர்ந்த தீயையும் சேர்த்து ஈ.எல்.ஆர்.பி.யில் தனிப் பிரிவு 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இதற்கு விண்ணப்பம் கட்டாயமாக இருந்தது.

இறந்த மாடுகளுக்கு வேறு வழி: எல்.ஐ.பி. திட்டம், சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறது. எரிந்த வேலிக்கு இ.சி.பி. திட்டம். எதற்கானாலும் போக வேண்டியது கவுண்டியின் பண்ணைச் சேவை முகமை அலுவலகம்தான். இறந்த மாடுகளின் படம், கால்நடை மருத்துவரின் சான்று, வாங்கிய ரசீது ஆகியவற்றை அப்போதே எடுத்து வையுங்கள். மேய்ச்சல் நிலப் பரப்பை ஆண்டுதோறும் அந்த அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் எல்.எப்.பி. விண்ணப்பம் நகராது.