கர்ப்பிணிகளின் இடுப்பு மூட்டு வலி எப்படி உண்டாகிறது?

மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி, லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டின் படி ஏறும்போதும் இரவில் புரண்டு படுக்கும்போதும் அடிவயிற்றுக்குக் கீழே எலும்பில் சுருக்கென்று குத்துவதாகச் சொன்னால், "பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு வரும் இவ்வலியைப் பேறுகாலம்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. கர்ப்ப காலத்திலேயே குறைக்கலாம்.

இடுப்புக்கூடு முன்புறம் ஒரு மூட்டாலும், பின்புறம் முதுகெலும்பின் அடியில் இரண்டு மூட்டுகளாலும் இணைந்த வளையம். முன்மூட்டில் வழக்கமாக இருக்கும் 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி, கர்ப்பத்தில் மேலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைக் கர்ப்பத்தில் தளர்த்தும் ரிலாக்சின் என்னும் ஹார்மோன் இதற்கு ஒரு காரணம்; அதை 1926இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடெரிக் ஹிசா கினிப் பன்றிகளிடம் கண்டறிந்தார். ஆயினும் இரத்தத்தில் அதன் அளவு கூடக்கூட வலியும் கூடும் என்பது ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. தளர்ந்த மூட்டுகளைச் சுற்றியுள்ள வயிறு, பிட்டம், இடுப்புத்தளத் தசைகள் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதும் வலியைத் தீர்மானிக்கிறது.

ஒற்றைக்காலில் நிற்கும்போது உடலின் எடை முழுவதும் வளையத்தின் ஒரு பாதியில் இறங்க, இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிராக நகர முயல்கின்றன. மலைச்சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று கொழுந்து பறிப்பது மணிக்கணக்கில் இதையே செய்கிறது. கர்ப்பிணிக்குச் சமதள வேலை தருவதைச் சலுகையாக அல்ல, மருத்துவத் தேவையாகவே கருத வேண்டும். பாவாடையை உட்கார்ந்து அணிவது, படியில் ஒவ்வொன்றாக ஏறுவது, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, முழங்கால்களைச் சேர்த்தபடியே புரள்வது ஆகியவை வலியைத் தணிக்கும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் தசைப் பயிற்சியும், தேவையானால் இடுப்புப் பட்டையும் உதவும். வலிமாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. ஐபுப்ரோஃபென் போன்றவை, குறிப்பாக 20 வாரங்களுக்குப் பின், சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வலியின்றி முழங்கால்களை எவ்வளவு அகற்ற முடிகிறது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிட்டால், ஒருக்களித்தோ மண்டியிட்டோ பிள்ளை பெறும் நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி அடங்கும். அடங்காதபோது எண்ணெய்க் குளியலோடு நிறுத்திக்கொள்ளாமல் மீண்டும் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.