உறுமல் நிற்க எர்த்தை வெட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப் (கண்ணாடி வால்வு போட்டு, ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டும் பெட்டி) என் மேசைக்கு வந்தது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு டிவியும் மிக்ஸியும்தான் பிழைப்பு. ஆனால் ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வீட்டிலேயே ஆம்ப் கட்டும் தம்பிகள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். சந்தோஷம்தான். பிளக்கைத் திறந்தால் வழக்கமான கூத்து: பச்சை எர்த் வயரை ஒட்ட வெட்டி, டேப் சுற்றி, அழகாக மடித்து வைத்திருக்கிறார் கட்டிய தம்பி. "எர்த்தை எடுத்ததும் உர்ருங்கிற சத்தம் நின்னுடுச்சுண்ணா" என்கிறார், ஏதோ கண்டுபிடித்த மாதிரி.

நின்றிருக்கும். அப்புறம் கேட்பார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது: "ஃபோன் சார்ஜருக்கு மட்டும் எர்த் இருக்கா?" இல்லைதான். சார்ஜர் முழுக்க பிளாஸ்டிக். எர்த் தேவைப்படாதபடி உள்ளே இரட்டை இன்சுலேஷனோடு செய்வது. நீங்கள் கட்டியது அலுமினியப் பெட்டி. 230 வோல்ட் வயர் நுழையும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம்கூடப் போடவில்லை. தகட்டின் விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். என்றைக்காவது ஃபேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) பெட்டியைத் தொடும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், நீங்கள் கடைக்கு வந்து புலம்புவீர்கள், அவ்வளவுதான். எர்த் இல்லாவிட்டால் எதுவுமே போகாது. ஆம்ப் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், பெட்டி முழுக்க 230 வோல்ட். ஹெட்போன் ஜாக்கின் வெளிவளையம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. ஹெட்போன் உங்கள் தலையில், கை லேப்டாப்பின் உலோக உடம்பில். இன்னும் விளக்க வேண்டுமா?

"வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் பிரேக்கர்) இருக்கே" என்பவர்களுக்கு: அது மெயின்ஸ் கசிவைத்தான் பிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 250 வோல்ட் டி.சி. உங்கள் கை வழியாகப் பெட்டிக்குப் பாய்ந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் 6ஜே1 போர்டில் (சின்ன வால்வு கிட்) பழகிய கை, அதே தைரியத்தில் இதற்குள்ளும் நுழைகிறது.

சரி, சத்தத்தை என்ன செய்வது? வால்யூமை முழுசாகக் குறையுங்கள். உறுமல் போய்விட்டால் கோளாறு இன்புட் பக்கம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் நின்றால் எர்த் லூப்தான், அதாவது லேப்டாப்பும் ஆம்பும் இரண்டு வழியில் எர்த்தில் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது. ஜாக்குகளைப் பெட்டியில் படாமல் இன்சுலேட் செய்து, சிக்னல் கிரவுண்டுக்கும் (பாட்டு வரும் வயரின் பொது முனை) பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே எதிரெதிராக இரண்டு பெரிய டயோடு. பெட்டியிலிருந்து பிளக் வரைக்கும் எர்த் வயர் மட்டும் முழுசாக இருக்கட்டும்.

வால்யூமைக் குறைத்தும் உறுமினால் கோளாறு உள்ளே. ஹீட்டர் வயர்களை (வால்வைச் சூடாக்குபவை) நெருக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையை ஒட்டிக் கொண்டுபோங்கள். 6.3 வோல்ட் ஏ.சி. ஹீட்டரை அந்தரத்தில் விடாமல், இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுப்புள்ளியை கிரவுண்டில் கட்டுங்கள். கனத்த 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு இந்த வைத்தியம். கரகரவென்று 100 ஹெர்ட்ஸ் கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல சுவர் சாக்கெட்டுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான், பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் எர்த் பைப் உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கலாம். தயவுசெய்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஷாக் அடிக்காது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். இரண்டு நிமிடம் விட்டு, மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். பயாஸ் (வால்வு வழியே ஓடும் கரண்டின் அளவு) சரிசெய்யும்போது மீட்டர் கிளிப்பை ஆஃப் நிலையில் மாட்டிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். செருப்பில்லாமல் ஈரத் தரையில் நிற்கிற வேலை வேண்டாம்.

கட்டி முடித்த அன்றே விலையுயர்ந்த ஹெட்போனைச் செருகி அழகு பார்க்காதீர்கள். ஜாக்கில் ஹெட்போனுக்குப் பதில் 33 ஓம் ரெசிஸ்டர் வைத்து, வால்வு நன்றாகச் சூடானதும் டி.சி. அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் முதலில் பழைய முந்நூறு ரூபாய் ஹெட்போனைச் செருகுங்கள். அது பிழைத்தால் நல்லதை எடுக்கலாம்.